நாலு சக்கரமும் ஒரு நைலான் கயிறும்



உங்கள் வீட்டுக் காருக்கு முன்னால் குந்தியமர்ந்து, அதன் சக்கரங்களை உற்றுப் பார்த்ததுண்டா? நேராக நிற்பதாகத்தான் தோன்றும். அந்த நேரில் மூன்று மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்பதை, முப்பது ஆண்டுகள் பட்டறையில் உழைத்த பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் தங்கை மகனிடம் பழைய புரோட்டோன் சத்ரியா ஒன்று இருக்கிறது. செப்பாங் பந்தயத் திடலில், பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டல்லவா? அதற்கென்றே வைத்திருக்கிறான். 1999-இல் திறந்த திடல் அது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள்.

“மாமா, வளைவுல கார் திரும்ப மாட்டேங்குது. முன்னுக்கே போவுது” என்றான்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இது பிறவிக் குணம். இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் அதுவே, பிரேக்கின் பெரும்பாரத்தைத் தாங்குவதும் அதுவே. ஒரே மாட்டை வண்டியிலும் ஏரிலும் பூட்டினால் பாவம், அது என்ன செய்யும்?

“பின்சக்கரத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாத் திறந்து வைங்க மாமா. பின்பக்கம் தானா சுத்திக்கும்னு கூட்டாளிங்க சொல்றாங்க.”

அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் ‘மாமாவுக்குப் பயம்’ என்று நினைத்துவிடுவானோ என்ற வீம்பு. மூன்று மில்லிமீட்டர் திறந்து வைத்தேன்.

அன்று மாலை அவன் வந்து நின்றபோது, சக்கர இடுக்கிலிருந்து சரளைக் கற்கள் என் பட்டறைத் தரையில் உதிர்ந்தன. வேகமான வளைவில், முன்னே மெதுவாகச் சென்ற வண்டியைக் கண்டு எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்திருக்கிறான். அவ்வளவுதான். கார் பம்பரமாய்ச் சுற்றிச் சரளையில் போய் நின்றது. அவனுக்குக் காயமில்லை.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா” என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

காலை எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பின்பக்கம் இலேசாகிப் பிடிப்புக் குறைகிறது. அந்த நேரத்தில், வளைவின் வெளிப்புறப் பின்சக்கரம் வெளியே பார்த்தபடி இருந்தால், வாலையும் வெளியே இழுத்துப் போய்விடும்.

மறுநாள் எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினோம். சமதளமான தரை. டயர்க் காற்று சரி. ஸ்டீயரிங் நடுவில். ஓட்டுபவன் எடைக்கு ஈடாக இருக்கையில் அரிசி மூட்டைகள். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் கணக்குப் பொய்யாகும். காரை முன்னும் பின்னும் உருட்டிவிட்டே அளக்க வேண்டும்.

முதலில் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. வளைவில் உடல் சாயும்போது, இந்த வண்டியின் வெளிப்புற முன்டயர் தோள்பட்டையில் தேய்ந்து ஓடும். அதனால் மேல்புறத்தை உள்ளே சாய்த்து, முன்னே இரண்டரை டிகிரி வைத்தோம். கொத்தனாரின் தூக்குக்குண்டே இதை அளக்கப் போதும்: 400 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பதினேழரை மில்லிமீட்டர் சாய்வு.

சாய்வை மாற்றினால் சக்கரம் பார்க்கும் திசையும் மாறிவிடும். ஆகவே திசையைக் கடைசியில்தான் திருத்த வேண்டும். காரின் இருபுறமும் சக்கர நடு உயரத்தில் நைலான் கயிறு கட்டினோம். இடதும் வலதும் சக்கர மையத்திலிருந்து கயிறு சம தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு ரிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இரும்பு அடிக்கோலால் அளந்தோம். தோட்டத்தில் கன்று நட, நிரைக்குக் கயிறு பிடித்த என் தகப்பனார் நினைவுக்கு வந்தார்.

முன்சக்கரம் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே. முறுக்கிப் போகையில் அவை தாமாகவே சற்று உள்ளே திரும்பும், அதற்காகத்தான். பின்சக்கரமோ அரை மில்லிமீட்டர் உள்ளே.

அடுத்த முறை நானும் செப்பாங் போனேன். ஓட்டி நிறுத்தியதும் டயரின் உள்ளே, நடுவே, வெளியே என மூன்று இடத்தில் சூடு பார்த்தோம். திடல் வலம் சுற்றுவதால் இடது முன்டயருக்கே பாடு அதிகம். அதன் வெளிவிளிம்பு மட்டும் அதிகம் சுட்டால் சாய்வு போதாது. நடு மட்டும் சுட்டால் காற்று அதிகம். எங்கள் டயரில் உள்விளிம்பு சற்றே கூடுதல். அதுதான் நல்ல அடையாளம். கார் திரும்பியது, வாலும் அடங்கி நின்றது.

வாசகர்களே, இந்த அளவுகளை அப்படியே உங்கள் காருக்கு வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் கணக்கு வேறு. அன்றாடச் சாலையில் இப்படி ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். தெரிந்த ஆபத்தை வீம்புக்காக மறைக்காதீர்கள்.

தங்கையிடம் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயந்தான்.