நாய்க்கும் ஷூ உண்டு

அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க்காரனுக்கு ஆர்க்டிக் ஆசை கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

ஸ்வீடனின் ஃபியால்ராவன் நிறுவனம் 1997இல் தொடங்கியது ‘ஃபியால்ராவன் போலார்’. நார்வேயில் கிளம்பி ஸ்வீடனில் முடியும், சுமார் 300 கிலோமீட்டர் நாய்வண்டிப் பயணம். வழிகாட்டிகள் கூட வருவார்கள். ஆனால் அவரவர் வண்டியை அவரவரே ஓட்ட வேண்டும். முன் அனுபவம் கேட்பதில்லை. கேரளத்து நியோக் 2018இல் போய்வந்தார்.

கடிவாளம் கிடையாது. தலைமை நாய்க்குக் குரல்தான் கட்டளை. காலடியில் பிரேக், நிறுத்திவைக்கப் பனியில் குத்தும் கொக்கி. விழுந்தாலும் கைப்பிடியை விடக் கூடாது. விட்டால் நாய்கள் வண்டியோடு போய்விடும். முகாமிட்டதும் பனியை உருக்கி நாய்களுக்குத் தண்ணீர், தீனி. நம் சாப்பாடு அப்புறம்தான்.

தோல் தொழில் ஊர்க்காரன் கண் நாய்களின் காலில்தானே போகும்! விரலிடுக்கில் பனி கட்டியாகிப் புண்ணாகாமல் இருக்க ஷூ மாட்டுகிறார்கள். ஐரோப்பாவுக்கே ஷூ தைக்கும் ஆம்பூருக்கு அதில் வேலையில்லை. எல்லாம் நைலான் துணி. நனைந்த தோல் அந்தக் குளிரில் விறைத்துவிடும்.

பனி தெரியாத நமக்கு இது சரிப்படுமா? சரிப்படும் என்றே நினைக்கிறேன். குளிர் பழகியவன் அலட்சியமாக இருக்கலாம். நம்ம ஊர் ஆள் பயத்திலேயே வழிகாட்டி சொன்ன அத்தனை அடுக்கும் உடுத்துவான், கையுறையைக் கழற்றவே மாட்டான்.

ஆசையுள்ள தம்பி தங்கைகளே, முதலில் பாஸ்போர்ட் எடுங்கள்!