குருசுக்குப்பத்திலிருந்து பனிக்கடல் வரை

புதுவை நகரின் வடபால், கடலையொட்டி அமைந்துள்ளது எங்கள் குருசுக்குப்பம். இங்குள்ள பல குடும்பங்களுக்குப் பிரான்சு நாட்டில் உறவினர் உண்டு. 1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பமொன்றில் எங்கள் தமக்கையார் வாழ்க்கைப்பட்டார். அவர்கள் இப்பொழுது லியோன் நகரில் வசிக்கின்றனர். 2019 ஆகஸ்டுத் திங்களில் முதிய அன்னையாரையும் மகனையும் அழைத்துக்கொண்டு அங்குச் சென்றிருந்தோம். அத்தான் காரோட்ட, அறுவரும் ஆல்ப்ஸ் மலைப் பயணம் புறப்பட்டோம்.

முதல் நாள் அன்னசி ஏரியை அடைந்தோம். மலைகள் சூழ்ந்த அந்த ஏரி ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கரையில் நின்று பார்த்தால் அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணிவிடலாம். அவ்வூரில்தான் புனித பிரான்சிசு சலேசியாரின் திருவுடல் வைக்கப்பட்டுள்ளது. அவர் பெயரால் அங்குத் தோன்றிய சபையின் மறைபரப்பாளர்கள் 1845-இல் இந்தியா வந்தபோது, முதலில் நம் புதுவைக் கரையில்தான் இறங்கினர். இதைக் கேட்ட அன்னையார், "அப்படியானால் நாம் வேற்றூருக்கு வரவில்லை" என்று மகிழ்ந்தார்.

அந்தத் தெளிந்த நீர் எப்பொழுதும் அவ்வாறு இருக்கவில்லை. கரையோர ஊர்களின் கழிவுநீர் கலந்து ஏரி கெடலாயிற்று. மருத்துவர் ஒருவர் இடைவிடாது எச்சரித்தார். 1957-இல் அவ்வூர்கள் ஒன்றுகூடி, ஏரியைச் சுற்றிக் குழாய் பதித்துக் கழிவுநீரை அகற்றும் பெரும்பணியைத் தொடங்கின. இன்று ஐரோப்பாவின் மிகத் தூய ஏரிகளுள் ஒன்றாக அது விளங்குகின்றது.

மறுநாள் மலைப்பாதையில் ஏறிச் சமோனி என்னும் ஊரை அடைந்தோம். அங்கிருந்து 1909 முதல் ஓடிவரும் பல்சக்கர இரயில் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மோன்தான்வேர் நிலையத்திற்குக் கொண்டு சேர்த்தது. அதன் கீழே கிடக்கின்றது பிரான்சின் மிகப்பெரிய பனியாறு. புயலிற் கொந்தளித்த நீர் அப்படியே உறைந்தாற்போல முன்னாளில் தோன்றியமையால், அதற்குப் 'பனிக்கடல்' என்று பெயர்.

கடல் என்றதும் ஆவலோடு எட்டிப் பார்த்த அன்னையாரின் முகம் வாடியது. "மாப்பிள்ளை, கடல் எங்கே?" என்று கேட்டார். வெகு ஆழத்தில், கற்களும் மண்ணும் மூடிய சாம்பல்நிறப் பட்டை ஒன்றே தெரிந்தது. "அதுதான் அத்தை. முன்பு நிலையத்திற்குச் சற்றுக் கீழேயே இருந்ததாம்" என்றார் அத்தான்.

அன்னையாரும் தமக்கையாரும் மேலேயே தங்க, மற்றவர்கள் கம்பிவட ஊர்தியில் இறங்கினோம். அதன்பின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். வழிநெடுக, பனி எந்த ஆண்டில் எந்த மட்டத்தில் இருந்தது என்பதைக் காட்டும் பலகைகள். 1990 என்ற பலகையைக் கடந்து நெடுந்தொலைவு இறங்கிய பின்னரே 2015-ஐக் கண்டோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இப்பனியாறு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர் புவியைச் சூடேற்றியதே அண்மைக்கால உருகலுக்குப் பெருங்காரணம். நாங்கள் வந்த காரும் அதில் பங்குடையது என்பதை மறுப்பதற்கில்லை.

மேலே வந்து பலகைகளைப்பற்றி மகன் விவரித்தான். அன்னையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கே கடல் பின்னே போகிறது, நம் ஊரில் முன்னே வந்தது. கட்டுமரம் ஏற்றிய மணலும், கரைவலை இழுத்த மணலும், கருவாடு காயவைத்த மணலும் என் கண்ணெதிரேதான் போயின" என்றார்.

இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் ஆகாது. எங்கள் கரையை அரித்தது பனியாற்று நீரன்று. 1980-களின் பிற்பகுதியில் நகரின் தென்புறத்தில் துறைமுகத்திற்காகக் கடலுள் கட்டிய கற்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. மணல் போன இடத்தில் கருங்கற்களைக் கொட்டினார்கள். ஆயினும் பனிக்கடலில் உருகும் நீர் ஆர்வு ஆற்றிலும், ரோன் ஆற்றிலும் கலந்து கடலையே சேர்கின்றது. உலகெங்கும் உருகும் பனியால் உயரும் கடல், ஏற்கெனவே மணலிழந்த கரைகளை இன்னும் வருத்தும். இரண்டு கேடுகளும் மனிதர் கையால் விளைந்தவை. ஒருவர் ஆயுட்காலத்திற்குள் கண்ணாற் காணத்தக்க விரைவில் நிகழ்ந்தவை.

அன்னசி ஏரி மட்டும் எங்களுக்கு ஆறுதல் அளித்தது. கெடுத்த கைகளே அதைத் திருத்தின. புதுவையிலும் 2018-இல் தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டினால், கடற்கரைச் சாலையருகே மணல் திரும்பக் கண்டோம்.

ஊர் திரும்பிய பின் ஒரு மாலை, அன்னையார் பேரனை அழைத்துச் சென்று, கற்குவியலுக்கு அப்பால் அலைகளைச் சுட்டிக்காட்டி, முன்பு கரை எதுவரை இருந்தது என்று விளக்கினார். அங்கு ஆண்டைக் குறிக்கும் பலகை எதுவுமில்லை. முதியோரின் நினைவே பலகை. அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் ஊர்க் கரையும் ஏரியும் குளமும் முன்பு எவ்வாறு இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள். இழந்தது இன்னதென்று அறிந்தவரே அதை மீட்க முயல்வர்.