எண்ணெய் விட்ட பூட்டு

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிற அப்பாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. பத்து நாளில் பேத்தி பழகிவிடுவாள். இருபது நாளில் தெரு பழகிவிடும். அதற்கப்புறம் கை சும்மா இருக்காது. போன வருஷம் நான் ஒழுகாத குழாயைக்கூடக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ''அப்பா, கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன்'' என்று மகள் வெளியே அனுப்பினாள்.

டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக் என்று ஓர் ஊர். நாலு வீடு தள்ளி ஒரு ஷெட்டில் அந்த வண்டியைப் பார்த்தேன். 1970-ம் வருஷத்து செவ்ரலே சி-10 பிக்கப். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள ஸீட், பின்னால் திறந்த தொட்டி. 1967-லிருந்து 1972 வரை இந்த உருவத்தில் வந்த வண்டிகளை அங்கே இன்னமும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பழைய புல்லட் வைத்திருப்பவர் கண்ணில் தெரியுமே, அந்தப் பெருமை!

வண்டிக்குச் சொந்தக்கார அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயசு. டிரைவர் பக்கத்துக் கதவு நாலு வருஷமாகத் திறக்கவில்லை என்றார். சாவி பூட்டுக்குள்ளேயே பாதி திரும்பிய நிலையில் முறிந்து கிடக்கிறது. உள்ளேயிருந்து பட்டனைத் தூக்கினாலும் வரவில்லை. பூட்டைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்து வண்டியை எடுத்துப் போகிறான்.

''நான் பார்க்கட்டுமா?'' என்றேன். கேட்டுவிட்டு எனக்கே திக்கென்றது.

காரணம் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அப்பா அதற்கு இருபத்தைந்து வருஷம் முன்னாலேயே போய்விட்டார். வீட்டுத் திண்ணைதான் பட்டறை. மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று எதுவானாலும் ஒவ்வொரு லீவரையும் அரத்தால் ராவி, காதருகே வைத்துச் சாவியைத் திருப்பிப் பார்ப்பார். ''பூட்டுக்குக் கண்ணு வேணாம்டா, காதுதான் வேணும்'' என்பார்.

1978-ல் பேங்க் வேலை கிடைத்தபோது அவரிடம் நான் சொன்னது: ''இந்தக் கரிக்கை என்னோட போகட்டும்.'' அப்பா பதில் சொல்லவில்லை. குனிந்து ராவிக்கொண்டே இருந்தார். அவர் போனபிறகு அந்த அரங்களைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டதும் நான்தான்.

சரி, வண்டிக்கு வருவோம்.

அடுத்த பக்கத்துக் கதவு வழியாக ஏறி, ஸீட்டில் நகர்ந்து போய் உட்கார்ந்தேன். கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் கண்ணாடி ஏற்றி இறக்குகிற கைப்பிடி வெளியே வரவேண்டும். அதில் ஸ்குருவே கிடையாது. அதன் கழுத்துக்குப் பின்னால் லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் ஒளிந்திருக்கிறது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு பழைய துணியைக் கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவில் நுழைத்து, ஷூவுக்கு பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். துணி கிளிப்பைப் பற்றி வெளியே தள்ளிவிடும். தள்ளியது. எகிறிப்போய் என் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்தது.

கண்ணாடி மேலே ஏறி இருந்ததால் உள்ளே கைவிட இடம் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பூட்டின் உருளையைக் கதவுத் தகட்டோடு பிடித்து வைத்திருப்பது இன்னொரு லாட கிளிப். திருப்புளி நுனியால் தட்டித் தட்டி நகர்த்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. முழங்கையில் இரண்டு கீறல். கடைசியில் கிளிப் கழன்று கதவின் அடி வயிற்றுக்குள் விழுந்தது. ஒரு காந்தத்தை நூலில் கட்டி, மீன் பிடிப்பது போலப் பிடித்தேன்.

''இப்ப வெளியிலேர்ந்து இழுங்க!'' என்றேன். அம்மாள் குறடால் பிடித்து இழுத்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த உருளை அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நான் பட்டனைத் தூக்கினேன். கதவு ஒரு முனகலோடு திறந்தது.

பூட்டுக்குள் கறுப்பாக, அல்வா பதத்தில் ஒரு பசை. ''ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னாடி என் கணவர் ரெண்டு சொட்டு என்ஜின் ஆயில் விடுவார்'' என்றார் பெருமையாக. வினை அங்கேதான். இந்தப் பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஆறு, தலைமுடி போன்ற ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கின்றன. சரியான சாவி போனால் ஆறும் ஒரே வரிசைக்கு வரும். அப்போதுதான் உருளை சுழலும். எண்ணெய் தூசியைக் கூப்பிடும். தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் பசை. தகடுகள் ஒட்டிக்கொண்டால் மனுஷன் சாவியை முறுக்குவான்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய ரம்பத் துண்டின் பல்லால் கொக்கி போட்டு உடைந்த துண்டை வெளியே எடுத்தேன். மறு பாதியை அம்மாள் சமையலறை ஆணியிலிருந்து எடுத்து வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

கணவருக்குக் கை நடுங்குகிற வியாதி. அன்று கடைக்குக் கிளம்பும்போது சாவி முறிந்தது. ''ஒரு சாவியைத் திருப்பக்கூட உங்க கைக்குத் தெரியலையா?'' என்று இவர் கத்திவிட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் பாதிச் சாவியை ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை. இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நான் இரண்டு துண்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முறிந்த முகத்தில் ஏதோ வித்தியாசம். ஓடிப்போய்ப் பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கி வந்தேன். முக்கால் பங்கு கறுத்துப் போயிருந்தது. ஓரத்தில் நூல் அகலத்துக்கு மட்டும் வெளுப்பாக மின்னியது.

உலோகம் ஒரே நாளில் முறிவதில்லை. முதலில் மயிரிழை போல ஒரு விரிசல் விடும். ஒவ்வொரு முறுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். விரிந்த இடத்தில் காற்றும் அழுக்கும் புகுந்து கறுத்துவிடும். கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் இடம் ஒரே தரமாக முறியும்போது அது மட்டும் பளிச்சென்று இருக்கும். எண்ணெய்க்குள் கிடந்ததால் அந்தப் பளபளப்பு போகவில்லை.

''இந்தச் சாவி அன்னிக்கு உடையலைம்மா. அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே முக்கால்வாசி உடைஞ்சிருக்கு. அன்னிக்கு நான் திருப்பியிருந்தாலும் உடைஞ்சிருக்கும், நீங்க திருப்பியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்'' என்றேன்.

''நிஜமாகவா? என் ஆறுதலுக்குச் சொல்றீங்களா?''

பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். காபி கொண்டுவரத்தான் போனார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். காபி வர அரை மணி நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை வெட்டாத சாவி இரண்டு வாங்கி வரச் சொல்லி, ஒரு சின்ன அரத்தோடு உட்கார்ந்தேன். உடைந்த துண்டுகளைச் சேர்த்து அளவு வைத்து ராவினேன். முதல் சாவி கடைசிப் பள்ளத்தில் கெட்டது. ஒரு ராவல் அதிகம். உலோகத்தை எடுக்கலாம், எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. இரண்டாவது சாவியைக் காதருகே வைத்துத் திருப்பினேன். 'க்ளிக்'. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கை இது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நகக்கண்ணில் கரி ஏறியிருந்தது. உடனே கழுவத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்தான். அம்மாள் சாவியை அவனிடம் கொடுக்கவில்லை. தானே டிரைவர் கதவைப் பூட்டித் திறந்தார். இன்னொரு தரம் பூட்டித் திறந்தார். அதற்கப்புறம்தான் கொடுத்தார்.

கெட்டுப்போன முதல் சாவி இன்னமும் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. எந்தப் பூட்டையும் திறக்காத சாவி எதற்கு என்று மனைவி கேட்கிறாள். அப்பாவிடம் நான் சொன்ன வார்த்தையைப் பார்ப்பதற்கு எந்த பூதக்கண்ணாடியும் கிடையாது. விரிசல் முன்னாலேயே இருந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சாவி இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். இந்த மாதிரிப் பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள். பென்சில் கரியைச் சாவியில் தேய்த்து நாலு தரம் போட்டு எடுங்கள், போதும். சாவி முறுக்கினால் கத்தாதீர்கள்.