கல் இல்லாத ஊர்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் பழம்பதி உளது. அதனை அடுத்து விரிந்து கிடக்கும் உவர்நீர் ஏரி, ஆந்திர நாட்டின் எல்லைக்குள்ளும் நெடுந்தூரம் பரந்து செல்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவிலுள்ள சில்கா ஏரி முதலாவது. பழவேற்காட்டு ஏரி இரண்டாவது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டுகளின் மேல் கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன.

இவ்வூர்களில் மணலுக்குக் குறைவில்லை. சேற்றுக்கும் கிளிஞ்சலுக்கும் குறைவில்லை. இறாலும் நண்டும் மடவையும் உண்டு. இல்லாத பொருள் ஒன்றே, அது கல். இங்குள்ள சிறுவன் ஒருவன் கருவாட்டைக் கவர வரும் நாயை விரட்ட விரும்பினால், உடைந்த ஓட்டையோ செங்கல் துண்டையோதான் தேடி எடுத்தல் வேண்டும். நாயும் இதனை நன்கு அறியும் போலும், எளிதில் ஓடுவதில்லை.

இத்தகைய ஊர் ஒன்றில் வாழ்ந்த சிறுவன் ஒருவனுக்கு ஒருநாள் பெருங்கவலை நேர்ந்தது. அவன் ஏழாம் வகுப்பில் பயின்று வந்தான். பாறைகள் மூவகை என்றும், அவை தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை எனப்படும் என்றும் ஆசிரியர் கற்பித்திருந்தார். பாடம் முடிந்ததும், மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் கிடைக்கும் கற்களுள் மூன்றினைத் திங்கட்கிழமை கொண்டு வருதல் வேண்டும் என்று பணித்தார். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு அஃது எளிய செயல். இருப்புப்பாதை ஓரத்தில் சல்லிக்கல் மலிந்து கிடக்கும். மணல் திட்டில் பிறந்தவன் என் செய்வான்?

சனிக்கிழமை முழுவதும் அவன் கரையோரம் நடந்தான். சங்கும் சிப்பியும் கிடைத்தன. அறுந்த வலைத்துண்டும் மிதவைக் கட்டையும் கிடைத்தன. கல் மட்டும் கிடைக்கவில்லை. வெயில் ஏறியபின் வாடிய முகத்தோடு வீடு திரும்பினான். பனையோலை கொண்டு பெட்டி முடைந்துகொண்டிருந்த பாட்டி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு, காலையிலிருந்து எதைத் தேடி அலைகிறாய்?"

"கல் தேடுகிறேன், ஆயா. நம் ஊரில் ஒரு கல்லும் இல்லையே! வெறுங்கையோடு போனால் எல்லாரும் சிரிப்பார்கள்."

கிழவி மறுமொழி கூறாமல் எழுந்து, தண்ணீர்த் தொட்டியின் அருகே கிடந்த சாம்பல் நிறக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அது நாள்தோறும் அவள் குதிகால் தேய்க்கும் நுரைக்கல். பல ஆண்டுகளுக்கு முன் அலை கரையில் ஒதுக்கிய பொருள் அது. கையில் எடுத்தால் கல் என்றே தோன்றாது, அத்துணை இலேசானது. நீரில் இட்டால் மிதக்கும்.

மிதக்கும் கல் எங்ஙனம் பிறக்கிறது? நிலத்தின் ஆழத்தில் பாறைகள் கடுவெப்பத்தால் உருகிக் குழம்பாகின்றன. அக்குழம்பு எரிமலை வாயின் வழியே பீறிட்டு எழும்போது, அதனுள் அடங்கியிருந்த ஆவிகள் சோடாப் புட்டியைத் திறந்தாற்போலப் பொங்குகின்றன. நுரைத்த குழம்பு நொடிப்பொழுதில் குளிர்ந்து இறுகிவிடுகிறது. நுரையின் குமிழிகள் அனைத்தும் கல்லுக்குள் துளைகளாக நின்றுவிடுகின்றன. குழம்பு இறுகியதால் பிறக்கும் கற்கள் யாவும் தீப்பாறை வகையின. மண்ணுக்குள்ளேயே மெல்ல ஆறி இறுகினால் பெரிய மணிகளையுடைய கிரானைட்டு உண்டாகும். வெளியே வந்து விரைவில் ஆறினால் மணிகள் கண்ணுக்குத் தெரியாத பசால்ட்டு உண்டாகும். தக்காணத்தின் கருமண் நிலங்களுக்கு அடியில் பரந்து கிடப்பது இந்தப் பசால்ட்டே. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெருக்கெடுத்த குழம்பு அது.

பழவேற்காட்டுக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் எரிமலை எதுவும் தோன்றாது. ஆயினும் அத்திசையில், அந்தமான் கடலில், பாரன் தீவு என்னும் எரிமலை உளது. இந்திய மண்ணில் இன்றும் உயிர்ப்போடு விளங்கும் எரிமலை அஃது ஒன்றே. நெடுங்காலம் உறங்கியிருந்து 1991ஆம் ஆண்டில் மீண்டும் கனன்றது. அதற்கும் தெற்கே சாவகத்தீவின் அருகில் 1883ஆம் ஆண்டில் கிராக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த நுரைக்கற்கள், திட்டுத் திட்டாக மிதந்து, இந்துமாக்கடலைக் கடந்து, ஆப்பிரிக்கக் கரை வரை சென்றன. பிற கற்கள் வண்டியேறி வர வேண்டும்; தானாகவே நீந்தி இவ்வூருக்கு வரக்கூடிய கல் நுரைக்கல் ஒன்றுதான்.

ஒரு கல் கிடைத்துவிட்டது. இரண்டாவது கல் அடுப்பங்கரையிலேயே இருந்தது. கிழவி மணமாகி வந்த நாளில் சீர்ப்பொருள்களோடு படகில் ஏற்றி வந்த அம்மி அது. மீன் குழம்புக்கு மிளகாய் அரைத்து அரைத்து அதன் நடுவே குழி விழுந்திருந்தது. அம்மி கொத்துபவர் முன்பு வந்து கொத்தியபோது தெறித்த சில்லு ஒன்று சுவரோரம் கிடந்தது. சிறுவன் அதனைக் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தான். கருநீலம் படர்ந்த அக்கல்லில் எண்ணெய் பூசினாற்போன்ற மினுமினுப்பு இருந்தது.

சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் இவ்வகைக் கருங்கல் மிகுதி. அறிவியலார் அதற்குச் 'சார்னகைட்டு' என்று பெயர் சூட்டியுள்ளனர். அப்பெயர் வந்த வகை சுவையானது. கல்கத்தாவில் 1690ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியிருப்பை அமைத்தவர் ஜோப் சார்னாக் என்பவர். அவர் இறந்தபின் கல்லறையின் மேல் வைப்பதற்கான கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது. கங்கை வண்டல் படிந்த கல்கத்தாவும் பழவேற்காட்டைப் போலவே கல் இல்லாத ஊர்தானே! கப்பலேறிய அக்கல் இந்த ஏரிக்கரைக்கு அப்பால் உள்ள கடல்வழியாகவே வடக்கே சென்றிருக்க வேண்டும். இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்பவர், 1893ஆம் ஆண்டில், அக்கல்லறைக் கல்லின் இனத்திற்கு அதன் அடியில் உறங்குபவரின் பெயரையே இட்டார். பல்லாவரத்தின் பெயரைப் பெற்றிருக்க வேண்டிய கல், அங்கு வெட்டிய தொழிலாளர் எவரும் அறியாத ஒருவர் பெயரைத் தாங்கி உலகெங்கும் வழங்குகிறது.

இக்கல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் வழக்கு நடந்தது. இது தீக்குழம்பிலிருந்து பிறந்தது என்றார் ஹாலந்து. பின்வந்தோர் பலர், முன்பே இருந்த பாறைகள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பமும் அழுத்தமும் தாக்கியதால் உருமாறியவை என்று கண்டனர். இரு முறையிலும் பிறந்தவை உண்டு என்பதே இன்றைய கருத்து. சென்னைப் பகுதியின் சார்னகைட்டு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமையுடையது. பச்சை மண் சூளையில் வெந்து செங்கல்லாகிறது. அங்ஙனமே பாறையும், உருகாமல், ஆனால் பழைய உருவில் நில்லாமல், உள்ளிருக்கும் மணிகள் புதுமணிகளாக மாறப் பெறுவதையே உருமாற்றம் என்பர். அத்துணை ஆழத்தில் வெந்த பாறை மேலேயிருந்த சுமை முழுவதும் தேய்ந்து அழிந்த பின்னரே வெளிச்சத்தைக் கண்டது. பின்பு கிழவியின் அடுப்பங்கரையை அடைந்தது.

கல்லைப் படகில் கொண்டுவந்தோர் அவள் குடும்பத்தார் மட்டுமல்லர். டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். கோட்டை அழிந்து மேடாயிற்று. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் காவலில் இன்றும் நிற்கிறது. அங்குள்ள கற்பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் நுணுக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கடற்காற்றின் உப்பு கட்டடங்களை அரித்த அளவிற்கு அவ்வெழுத்துகளை அரிக்கவில்லை.

மூன்றாவதாகிய படிவுப்பாறைக்குச் சிறுவன் எங்கே போவான்? வேறு வழியின்றி, கடல்மணலில் ஒரு பிடியும், ஏரிச்சேறு காய்ந்து வெடித்த பாளத்தில் ஒரு துண்டும், கிளிஞ்சலில் ஒரு பிடியும் எடுத்து, பாட்டி முடைந்த ஓலைப்பெட்டியில் தனித்தனியே மடித்து வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வகுப்பில் ஓலைப்பெட்டி திறந்தது. பின்வரிசையில் எவனோ சிரித்தான். "இது கல்லா?" என்றொரு குரலும் எழுந்தது. சிறுவன் தலைகுனிந்து, "எங்கள் ஊரில் இவைதாம் உண்டு, ஐயா" என்றான்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. மணலைத் தாளின்மேல் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சிரித்தவனிடமே கொடுத்தார். கண்ணாடி போன்ற வெண்மணிகளுக்கு இடையே செந்நிற மணிகளும் கருந்துகள்களும் தெரிந்தன. "இவை அனைத்தும் முன்னொரு காலத்தில் மலையில் இருந்தவை" என்றார் ஆசிரியர். "இந்த அம்மிச் சில்லு போன்ற பாறையின்மேல் வெயிலும் மழையும் நெடுங்காலம் பட்டால் அதில் ஒரு பகுதி மட்கிக் களிமண்ணாகிறது. மட்காத கடின மணிகள் மணலாகின்றன. இரண்டையும் ஆறு சுமந்து வருகிறது. நகரி மலைப் பக்கத்திலிருந்து வரும் ஆரணியாறு உங்கள் ஏரியில் தானே வந்து விழுகிறது? விரைந்து ஓடும் நீர் மணலைச் சுமக்கும். ஏரியில் ஓட்டம் தளர்ந்தவுடன் மணல் முதலில் படியும். நுண்ணிய களிமண் அப்பாற் சென்று அமைதியான நீரில் படியும்."

பின்னர் அவர் சிறுவனை நோக்கி, "தம்பி, ஏரியில் நீர் வடிந்தபின் மணலில் என்ன காண்பாய்?" என்று வினவினார்.

"வரி வரியாக இருக்கும், ஐயா. காற்றடித்த பக்கம் தெரியும்."

அவ்வரிகளைத் திருமலையில் கல்லிலே காணலாம் என்றார் ஆசிரியர். நகரி, திருப்பதி மலைகளின் மேற்பகுதியாக அமைந்த கடினமான படிகக்கல், நூறு கோடி ஆண்டுகட்கும் முன்பு ஆழமற்ற கடலோரத்தில் படிந்த மணல். ஒரு வரியின்மேல் மற்றொரு படிவு விழுந்து மூடிற்று; அதன்மேல் ஆயிரம் படிவுகள் விழுந்தன. மேற்சுமை அழுத்த, மணிகளின் இடையே ஊறிய நீர் கொண்டுவந்த கரைபொருள் பசைபோல் நின்று அவற்றை ஒட்டிற்று. வரி அழியவில்லை. எந்த மீனவனும் பிறவாத காலத்தில், மீனே தோன்றாத காலத்தில், ஒருநாள் வீசிய அலையின் தடம் அது. மணல் இறுகினால் மணற்கல். சேறு இறுகினால் களிப்பாறை. கிளிஞ்சல் இறுகினால் சுண்ணாம்புக்கல். திருமலையின் மலைப்பாதையில், பழைய கிரானைட்டின்மேல் இப்படிவு அமர்ந்திருக்கும் எல்லைக்கோட்டினை அரசு தேசிய நிலவியல் சின்னமாகப் போற்றிக் காத்து வருகிறது.

கிளிஞ்சலைப் பற்றிச் சிறுவனுக்கே மிகுதியாகத் தெரியும். பழவேற்காட்டு ஏரியின் அடியில், முற்காலத்தில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுகள் படுகை படுகையாகக் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு செய்தனர். சூட்டில் கரியமிலவாயு நீங்கி ஓடு நீறாகிறது. நீற்றில் நீர் ஊற்றிச் சாந்தாக்கிச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை அது மீண்டும் உண்டு, நாளடைவில் கல்லாய் இறுகுகிறது. இயற்கை பல இலட்சம் ஆண்டுகளில் செய்வதைக் கொத்தனார் சில ஆண்டுகளில் செய்துவிடுகிறார்.

ஆசிரியர் நுரைக்கல்லையும் அம்மிச் சில்லையும் பெயரெழுதிப் பேழையில் வைத்தார். மணலை மைப்புட்டி ஒன்றில் இட்டு, "இஃது இன்னும் பாறையாகவில்லை" என்று கூறி, சீட்டில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதினார்.

அது பாறையாவதும் உறுதியன்று. படிவு கல்லாக வேண்டுமாயின் அசையாமல் ஓரிடத்தில் புதைய வேண்டும். பழவேற்காட்டு மணலோ ஓய்வறியாதது. சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து இன்றைய நிலையை நெருங்கியபின் இம்மணல் திட்டுகள் எழுந்தன. அவற்றின் பின்னே ஏரி அடைபட்டது. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் கரைமணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. வழியில் கற்சுவர் ஒன்று எழுந்தால் ஒருபுறம் மணல் குவியும். மறுபுறம் கரை தேயும். சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மெரீனாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதலிய மீனவர் பகுதிகள் நிலம் இழந்தன.

பழவேற்காட்டு மக்களுக்கு ஏரியின் முகத்துவாரமே வாழ்வு. கடலின் இறால் குஞ்சுகள் அவ்வழியாகத்தான் ஏரிக்குள் புகும். படகுகளும் அவ்வழியாகத்தான் கடலுக்குச் செல்லும். மணல் அதனை அடிக்கடி தூர்த்துவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைப்பதற்காகக் கருங்கற் சுவர்கள் அமைக்கும் பணியை அரசு மேற்கொண்டது. கல் இல்லாத ஊருக்குக் கல் வண்டி வண்டியாக வந்தது.

அன்று மாலை சிறுவன் முகத்துவாரத்தின் அருகே நின்றான். தந்தையின் படகு கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. வாயிலை நெருங்கியதும் அடிப்பலகை மணலில் தட்டி நின்றுவிட்டது. உடன் வந்த மூவரும் இடுப்பளவு நீரில் குதித்துத் தள்ளினர், படகு அசையவில்லை.

"நைனா, நானும் வரட்டுமா?" என்று சிறுவன் கூவினான்.

"புத்தகத்தைக் கரையில் வைத்துவிட்டு வா" என்றார் தந்தை.

அவன் ஓலைப்பெட்டியையும் புத்தகத்தையும் கருங்கல் ஒன்றின்மேல் வைத்துவிட்டு நீரில் இறங்கினான். ஏலம் முடிவதற்குள் மீன் கரை சேர்தல் வேண்டும், பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது.