அமிர்தமும் ஆலகாலமும்

மதுவிலக்கு பிறந்த மண்ணிலிருந்து மதுவைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறோம். நேயர்கள் திடுக்கிட வேண்டாம்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி அவர்கள் சேலம் ஜில்லாவில் பூரண மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தார். இன்றைய தர்மபுரி ஜில்லா அன்று சேலத்தின் ஒரு பகுதி. 1965-இல்தான் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. ஆகவே, மாகாணத்திலேயே முதன்முதலில் கள்ளுக்கடைகளுக்குப் பூட்டுப் போட்ட பெருமையில் நம் ஊர்களுக்கும் பங்குண்டு. அந்தப் பெருமையைத் தாய்ப்பாலோடு உண்டு வளர்ந்த நாம், பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டில், மூன்று விதமான இந்திய விஸ்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக ருசி பார்த்தோம்.

"கதரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே! ஸ்காட்லாந்துக்காரர்களுடைய சொந்தத் தொழிலில் அவர்களோடு நம்மவர்கள் போட்டியிட்டு ஜெயித்திருக்கிறார்கள். அது என்னவென்று தெரிந்துகொள்ளாமலே கண்டனம் செய்யப் போகிறீர்களா?" என்று நண்பர் கேட்டார். கேள்வி நியாயமாகப் பட்டது. தெரியாத பொருளைக் கண்டிப்பதும் தெரியாத பொருளைப் புகழ்வதும் ஒரே ஜாதியைச் சேர்ந்த குற்றங்கள்தாமே?

இந்த விஸ்கிக்கு 'ஸிங்கிள் மால்ட்' என்று பெயர். மால்ட் என்றால் என்னவென்று தர்மபுரிப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டி வைத்தால் வெண்ணிற முளை எட்டிப் பார்க்கும். அதை உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்தால், குழந்தைக்குக் கூழ் காய்ச்ச மாவு தயார். முளைவிடும்போது தானியத்திலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்குகிறது. அதனாலேதான் அந்தக் கூழ் வெல்லம் சேர்க்காமலே சற்று இனிக்கிறது. இதே காரியத்தைப் பார்லியைக் கொண்டு செய்து, இனிப்பு நீரை இறுத்து, நொதிக்கவைத்து, செப்பு வாலையில் இருமுறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காக உறங்கவிட்டால் மால்ட் விஸ்கி ஆகிறது. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு செய்தது 'ஸிங்கிள் மால்ட்'. குழந்தையின் கூழுக்கும் கோமான்களின் கோப்பைக்கும் தொடக்கம் ஒன்றே என்பது நமக்கு விசித்திரமாகத் தோன்றிற்று.

இந்தியாவில் இத்தொழிலுக்கு வழிகாட்டியது பெங்களூர் 'அம்ருத்' வடிசாலை. ராதாகிருஷ்ண ஜக்தாலே என்பவர் அதை நிறுவியது 1948-இல். அதே 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருடைய மந்திரிசபை மதுவிலக்கைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கியது! எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசிக் கடையின் கதவு மூடியது. அந்தப் பக்கம் அமிர்தத்தின் பெயரால் ஆலை திறந்தது.

பல ஆண்டுகள் கழித்து, ராதாகிருஷ்ணரின் குமாரர் நீலகண்ட ஜக்தாலே, இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த தம் மகன் ரக்ஷித்திடம், இந்திய விஸ்கி அங்கே விலைபோகுமா என்று ஆராயச் சொன்னார். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே அம்ருத் ஸிங்கிள் மால்ட் அரங்கேறியது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவது என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் விற்றே விட்டார்கள். 2010-ஆம் ஆண்டுக்கான விஸ்கிக் கையேட்டில் ஜிம் மரே என்ற ஆங்கில நிபுணர், 'அம்ருத் ஃப்யூஷ'னுக்கு நூற்றுக்கு 97 புள்ளிகள் கொடுத்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று தீர்ப்பளித்தார். அந்த 2010-இல்தான் அம்ருத் ஸிங்கிள் மால்ட் பெங்களூரிலேயே விற்பனைக்கு வந்தது. கிளாஸ்கோ ருசித்து ஆறு ஆண்டுகள் ஆன பிற்பாடுதான் பெங்களூருக்கு வாய்த்தது! நம் கைச்சரக்கு நல்லதென்று அறிய, நமக்கு இன்னும் அயலான் முத்திரை வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிப் போகும். அதை 'தேவதைகளின் பங்கு' என்று அவர்கள் அழகாகச் சொல்வார்கள். பெங்களூரிலோ நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று போய்விடுகிறது. ஆறு ஆண்டுகளில் பாதிப் பீப்பாய் காலி! 2013-இல் அம்ருத் வெளியிட்ட ஒரு விஸ்கிக்கு 'பேராசைக்காரத் தேவதைகள்' என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்கள். ஆனால், அந்த வெப்பமே மரத்தின் சாரத்தையும் விரைவில் இறக்கிக் கொடுக்கிறது. வெயிலில் வைத்த ஊறுகாய் ஜாடி சீக்கிரம் பதமாவதுபோல, அங்கே பல ஆண்டுகளில் வருவது இங்கே சில ஆண்டுகளில் வந்துவிடுகிறது. நஷ்டம் என்று நினைத்த வெயிலை லாபமாக்கிக்கொண்டதே நம்மவர்களின் கெட்டிக்காரத்தனம்.

இனி, ருசி. வயிறு பருத்து வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கிண்ணங்களில், தேக்கரண்டி அளவே நண்பர் ஊற்றினார். முதலில் முகர வேண்டும், பிறகு சில துளி தண்ணீர் விட்டு மறுபடியும் முகர வேண்டும், கடைசியில்தான் நாவு. கோவாவில் செய்யும் 'பால் ஜான் பிரில்லியன்ஸ்' தேன்போல மென்மையாகத் தொடங்கி, ஏலக்காயைக் கடித்தாற்போல் முடிந்தது. ஹரியானாவின் 'இந்த்ரி' மூன்று விதமான பீப்பாய்களில் முதிர்ந்தது. உலர்ந்த திராட்சையின் மணம் தூக்கலாக இருந்தது. 'ஃப்யூஷ'னில் முக்கால் பங்கு இந்தியப் பார்லி. கால் பங்கு, ஸ்காட்லாந்தில் 'பீட்' என்னும் மக்கிய சதுப்பு மண்ணை எரித்த புகையில் உலர்த்திய பார்லி. அதில் வெல்லப்பாகு காய்ச்சும் வாடை, ஆரஞ்சுத் தோல், அவற்றின் பின்னே கோயில் மடைப்பள்ளியின் விறகுப் புகை. நூற்றுக்கு ஐம்பது பங்கு சாராய சத்து உள்ளதாதலால், துளியே நெருப்பாக இறங்கிற்று. நல்ல வேலைப்பாடு என்பதில் ஐயமில்லை. சத்தியத்தை மறைப்பதற்கில்லை.

ஆனால் இன்னொரு சத்தியமும் உண்டு.

காலஞ்சென்ற நம் பாட்டியார் 1937-இல் ஒன்பது வயதுச் சிறுமி. பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய தகப்பனார் கூலி வேலை செய்தவர். சனிக்கிழமைக் கூலி வீட்டுக்கு வரும் வழியில் கள்ளுக்கடை இருந்தது. கூலி அதைத் தாண்டி வந்ததில்லை. அக்டோபரில் கடை மூடியது. அடுத்த மாதமே தீபாவளி. "அந்தத் தீபாவளிக்குத்தான் எனக்கு மொதமொதலாப் புதுப் பாவாடை எடுத்தாங்க. பச்சைப் பாவாடை. எங்கம்மா அதத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா" என்று தொண்ணூறு வயதிலும் சொல்லுவார். காந்தியடிகளையும் ராஜாஜியையும் அவர் அந்தப் பாவாடையின் வழியாகத்தான் அறிந்திருந்தார்.

கள் வருமானம் போனதை ஈடுகட்ட ராஜாஜி 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அந்த வரி வெவ்வேறு பெயர்களில் நிலைத்துவிட்டது, மதுவிலக்குத்தான் நிலைக்கவில்லை. 1971-இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் சர்க்காரின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. அங்கே கூலிக்காரர் வாங்குவது ஃப்யூஷன் அன்று. அதன் விலை அவருக்குப் பல நாள் கூலி. விஸ்கி என்ற பெயரில் நம் நாட்டில் விற்பதில் கணிசமான பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாஸஸ் பாகிலிருந்து எடுத்த சாராயம் கலந்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று சொல்லி விற்கவே சட்டம் இடம் கொடாது. பார்லியும் இல்லை, பீப்பாயும் இல்லை, பொறுமையும் இல்லை. உலகப் பரிசு வாங்கிய புட்டியைக் காட்டி இந்தக் கடைக்கு மரியாதை தேடுவது, காஞ்சீபுரம் பட்டைக் காட்டிக் கந்தலை விற்பதற்கு ஒப்பாகும்.

திருப்பாற்கடலைக் கடைந்தபோது அமிர்தத்துக்கு முன்னால் ஆலகாலம் வந்தது. கடைந்தவர்கள் தேவரும் அசுரரும். நஞ்சைக் கண்டத்தில் ஏற்றவர் வேறொருவர். நம் ஊர்களில் அதை ஏற்பவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே. ஆகையால், தொழிலின் சிறப்பை வைத்து மதுவின் கேட்டை மறுக்க வேண்டாம். மதுவின் கேட்டை வைத்துத் தொழிலாளியின் திறமையை இகழவும் வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் தெம்பு நமக்கு வேண்டும். அயல்நாட்டார் மூக்கில் விரல் வைக்கும்படி முளைப்பார்லியில் காட்டிய சிரத்தையை, நம் கேழ்வரகிலும் மாம்பழத்திலும் புளியிலும் காட்டினால் தர்மபுரி ஜில்லாவும் உலகச் சந்தையில் தலை நிமிரும்.

இந்தியாவில் நல்ல விஸ்கி செய்ய முடியுமா என்று எவரேனும் கேட்டால், "முடியும்; செய்தும் காட்டியாயிற்று" என்று தயங்காமல் சொல்லுவோம். நம் வீட்டுக்கு வந்து அதை எதிர்பார்ப்பவர்களுக்கு மட்டும் நீர்மோர்தான் கொடுப்போம். இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டது.