எந்த நீலம்?

ஸ்காபரோவில் நாங்கள் மூவர் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற் அறைக்கு நீலம் அடிப்பதென்று ஒரு நாளில் முடிவாகிவிட்டது. எந்த நீலம் என்பதில்தான் இரண்டு கிழமை போயிற்று. பெயின்ற் கடையில் சும்மா தருகிற அட்டைகளில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு. ஒன்று பச்சை கலந்த கடல் நீலம். மற்றது சிவப்புச் சாடை தட்டுகிற, சலவைக்குப் போடும் நீலக்கட்டியின் நீலம்.

ஊரில் நீலத்துக்கு வேறு வேலை. பொங்கலுக்கோ கலியாணத்துக்கோ சுண்ணாம்பு கரைக்கும்போது கொஞ்சம் நீலம் சேர்ப்பார்கள். சுவர் நீலமாவதற்கல்ல, வெள்ளையாவதற்கு. சுண்ணாம்பின் மஞ்சளை நீலம் அடக்கிவிடும். வேட்டிக்கும் அதே வைத்தியந்தான். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் சுவர் வெளிக்கும். நீலம் கூடினால் திட்டுத் திட்டாய் நிற்கும், ஊர் சிரிக்கும். இங்கத்தை லேற்றெக்ஸ் பெயின்ற் நேர்மாறு. காய்ந்தால் ஒரு பிடி கறுக்கிறது.

ஆகவே சின்ன ரின் இரண்டு வாங்கிச் சுவரில் பக்கம் பக்கமாகப் பூசிப் பார்த்தோம். டிசம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணித்தியாலம். ரொறன்ரோவில் 9 தான். எங்கள் ஜன்னலோ ஒரு முழ உயரம், அதிலும் பாதி பனி. றெஸ்ரோறன்ற் மூடி வீடு வர இரவு ஒரு மணியாகும். நாங்கள் சுவரைக் காண்பதெல்லாம் மஞ்சள் பல்பில். அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு. இல்லாததைச் சுவர் எப்படித் திருப்பித் தரும்? நீலக்கட்டி நீலம் சாம்பலாய்ப் போயிற்று. கடல் நீலம் பச்சைக்குச் சாய்ந்தாலும் உயிரோடு நின்றது.

"அப்ப பல்பை மாத்துவம் மச்சான்" என்றார் நீலக்கட்டிக் கட்சிக்காரர். நியாயந்தான். பெட்டியில் 5000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்கினால் பகல் மாதிரி எரியும். ஆனால் குசினியில் வெள்ளை ரியூப் லைற்றுக்குக் கீழே பத்து மணித்தியாலம் நின்றவர்களுக்கு அந்த வெளிச்சத்தில் படுக்க மனம் வருமா? 2700 மஞ்சளே இருக்கட்டும் என்றாயிற்று. அதோடு கடல் நீலமும் வென்றது.

மூன்றாமவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவருடைய அகதி வழக்குக்கு இன்னும் திகதி வரவில்லை. "கேஸ் முடியட்டும், பிறகு அடிப்பம்" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. பெயின்றுக்கும் கேசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் திகதிகளுக்குக் காத்திருந்த காலத்தில் நாங்களும் சுவரில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

மூன்று சுவர் அடித்து முடிந்தது. அவருடைய கட்டில் பக்கத்துச் சுவரை வெள்ளையாகவே விட்டிருக்கிறோம். மிச்சப் பெயின்றை ரின்னோடு மூடிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். அவர் பங்குக் காசைத் தந்தார், வாங்கவில்லை.