கணினியும் கடலும்

நீர்வேலிச் செம்மண்ணில் வாழைக்கு நீரிறைத்து வளர்ந்த எமக்குக் கடலினுங் கிணறே பழக்கமானது. ஆழம் என்பதை நாம் முதன்முதல் அஞ்சியது நிலாவரையில். கல்லூரி விட்டதும் புத்தூர்ச் சந்திவழியே துவிச்சக்கரவண்டியிற் சென்று, நூலிற் கல்லைக் கட்டி அக்கேணியில் இறக்குவோம். நூல் முடியும், ஆழம் முடியாது. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பர் ஊரார். சுண்ணக்கற் பாறையூடே ஊறும் நன்னீர் மேலும், உவர்நீர் கீழுமாக நிற்கின்றது என்பார் எமது விஞ்ஞான ஆசிரியர்.

அவ்வாசை ஐம்பது வயதின்பின் எம்மைத் திருக்கோணமலைக்கு இழுத்தது. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்ட கடலடியை ஒருமுறை பார்த்தல் வேண்டும் என்பதே எண்ணம். பயிற்சி பெற்று, இரவற் கணினி ஒன்றைக் கையிற் கட்டி இறங்கினோம்.

கணினி என்றது மணிக்கூடு போன்ற ஒரு சிறு கருவியை. கடலிற் பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். அப்போது நாம் சுவாசிக்கும் காற்றின் நைதரசன் உடலிற் கரையும். விரைந்து மேலெழுந்தாலோ, மூடி திறந்த சோடாப் போத்தலிற்போலக் குமிழியாகும். கடலட்டைக்காக உருளை கட்டி மூழ்கி முடமானோர் நம் நாட்டிலும் உளர். 1908 இல் ஹோல்டேன் என்பார் ஆடுகளை வைத்து ஆராய்ந்து அட்டவணை வகுத்தார். அவ்வகைக் கணக்கையே இக்கருவி நொடிக்குநொடி செய்து, இன்னும் எத்தனை நிமிடந் தங்கலாம் என்று காட்டும்.

காட்டியது, எமக்குத்தான் தெரியவில்லை. இலக்கங்கள் சிறியன, எம் கண்ணோ வெள்ளெழுத்துக் கண். மேலேறும்போது கருவி கீச்சிட்டது. விரைந்து போ என்கிறது போலும் என்றெண்ணி இன்னும் வலிதாய் உதைத்தோம். துணைவர் காலைப் பற்றி நிறுத்தினார். ஏற்றம் மிக விரைவு என்பதே அவ்வொலியின் பொருளாம்! ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் அவரைப் பற்றியபடி நின்றோம். அன்றிரவு முழங்கை சிறிது நொந்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தோம்.

பின்பு சொந்தமாக ஒன்று வாங்கச் சென்றோம். வண்ணத்திரை, திசைகாட்டி, உருளையின் அமுக்கத்தைக் கம்பியின்றி அறிவிக்கும் வசதி எனக் கடைக்காரர் அடுக்கினார். நாம் கேட்டது மூக்குக்கண்ணாடியின்றி வாசிக்கத்தக்க இலக்கம். நாமே மாற்றத்தக்க மின்கலம். வயதுக்கேற்பக் கணக்கை இறுக்கும் வசதி. நன்னீருக்கும் கடலுக்கும் வேறு அமைப்பு இருத்தலும் நன்று. அடர்த்தி வேற்றுமையால் ஆழம் நூற்றுக்கு மூன்றளவு பிழைக்கும். துணைவரின் கருவியும் எமதும் ஒரே ஆழத்தில் வெவ்வேறு நிமிடங் காட்டுவதுண்டு, செய்வோர் கொண்ட கணக்கு வேறாதலின். குறைந்ததையே இருவரும் பின்பற்றுவோம். முதல்நாள் உறக்கமின்மையையோ நீர் அருந்தாமையையோ எக்கருவியும் அறியாது.

சென்ற முறை நண்பர் ஒருவர் அதை இரவல் கேட்டார். முதல்நாள் அவரும் வேறு கருவியுடன் மூழ்கியிருந்தார். அவர் உடலின் கணக்கு எம் கருவியில் இல்லை. கொடுக்க மறுத்தோம். அவர் முகங் கறுத்தது. அன்று நாமும் இறங்காமல், அவரோடு கரையிலிருந்து தேநீர் அருந்தினோம்.